பாம்பன் கரையில் ஒரு பெட்ரோல் புகார்: கந்தகநீக்க வினையூக்கியின் மேல் விழுந்த பழி பற்றிய நிகழ்வு ஆய்வு

புகார்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் நாட்டுப்படகுகளிலும் ஃபைபர் வள்ளங்களிலும் பொருத்தப்படும் அவுட்போர்டு இன்ஜின்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆனால் அவற்றைப் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும். இன்ஜின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேர்ந்து நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெயை ஓட்டி எடுப்பது வழக்கம். இதனால் ஒரு படகுக்குத் தேவைப்படும் பெட்ரோல் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் ஒரு சிறு கேனில் வாரக்கணக்கில் கிடக்கும். இந்த வழக்கம் ஆய்வின் பிற்பகுதியில் முக்கியமாகிறது.

சில ஆண்டுகளாக இக்கரைகளின் இன்ஜின் பட்டறைகளில் ஒரே மாதிரியான குறை சொல்லப்பட்டு வருகிறது. கயிற்றைப் பலமுறை இழுத்தாலும் இன்ஜின் பிடிப்பதில்லை. பிடித்தாலும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முன்பே இருமி நின்றுவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளையாக மாவு படிந்திருக்கிறது. சிலவற்றில் பிஸ்டனில் கீறல் விழுந்திருக்கிறது. காரணம் கேட்டால் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "கந்தகத்தை உருவிட்டாய்ங்க அண்ணே, பெட்ரோல்ல சத்தே இல்ல." சுத்திகரிப்பு ஆலைகளின் செயல்முறைப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் ஆலையில் கந்தகத்தை நீக்கும் வினையூக்கியின் மேல் பழி போடும் இந்தப் பதிலை அசட்டையாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இதில் ஒரு பாதி வேதியியல் உண்மை இருக்கிறது, காலக்கணக்கும் ஓரளவு பொருந்துகிறது.

காலக்கணக்கு

இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் கந்தகத்திற்கான வரம்பு படிப்படியாக இறங்கி வந்தது. வாகனப் புகைக்கும் எரிபொருளுக்குமான பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) தரவரிசையில், பிஎஸ்-2இல் அது 500 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 500 பங்கு), பிஎஸ்-3இல் 150, பிஎஸ்-4இல் 50. பிஎஸ்-4 நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 1 அன்று. அடுத்ததாக வரவேண்டிய பிஎஸ்-5ஐ அடியோடு தாண்டிவிடுவதென்று 2016 ஜனவரியில் அரசு அறிவித்தது. அதன்படி 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் 10 பிபிஎம் பெட்ரோல் வந்தது. பத்து இலட்சம் பங்கில் பத்துப் பங்கு என்பதுதான் இதன் பொருள்.

வரம்பை இவ்வளவு இறுக்கியதற்குக் காரணம் கார்களின் புகைக்குழாயில் இருக்கும் இன்னொரு வினையூக்கி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களைத் தாங்கிய அந்த மும்முனை மாற்றியின் மேற்பரப்பில் கந்தகம் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை மழுங்கச் செய்துவிடும். நாட்டுப்படகின் இன்ஜினில் அப்படிப்பட்ட மாற்றி எதுவும் கிடையாது. ஆகவே, "காருக்காகச் செய்ததை எங்கள் தலையில் ஏன் கட்டினார்கள்" என்று மீனவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. படகுக்கென்று தனியாகப் பெட்ரோல் காய்ச்சப்படுவதில்லை என்பதே அதற்கான பதில்.

பெட்ரோலில் கந்தகம் எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் பங்கில் நாம் வாங்கும் பெட்ரோல் ஒரே கலத்தில் உருவானதன்று. ஆலையின் பல அலகுகளிலிருந்து வரும் ஓடைகளின் கலவை அது. சீராக்கியிலிருந்து வரும் ரிஃபார்மேட், ஐசோமரேட், அல்கைலேட் ஆகியவற்றில் கந்தகம் ஏறத்தாழ இல்லை. கனமான எண்ணெயை உடைத்து இலகுவாக்கும் எஃப்சிசி அலகிலிருந்து வரும் நாப்தா என்ற இலகு எண்ணெய்தான் சிக்கலுக்கு ஊற்று. பல ஆலைகளில் கலவையின் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும் இந்த ஓடை, மொத்தக் கந்தகத்தில் 85 முதல் 95 விழுக்காடு வரை கொண்டுவந்துவிடும். மற்ற ஓடைகள் முற்றிலும் தூய்மையானவை என்றே வைத்துக்கொண்டாலும், கலவை 10 பிபிஎம்மில் நிற்க வேண்டுமானால் எஃப்சிசி நாப்தாவை 30 பிபிஎம் அளவுக்காவது இறக்கியாக வேண்டும். நூற்றுக்கணக்கிலும் சில வேளை ஆயிரத்துக்கு மேலும் பிபிஎம் கந்தகத்தோடு அலகை விட்டு வெளிவரும் சரக்கு அது.

அந்தக் கந்தகம் சமமாகப் பரவியிருப்பதில்லை. இலகுவான முனையில் மெர்காப்டன்கள் என்ற கந்தகச் சேர்மங்கள் இருக்கும். பழைய பெட்ரோலின் மூக்கைத் துளைக்கும் நெடியில் இவற்றுக்குப் பங்குண்டு. நடுவில், கந்தகம் வளையத்துக்குள் பொதிந்த சேர்மமான, 84 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தயோஃபீனும், அதைத் தொடர்ந்து மெத்தில் கிளைகள் ஒட்டிய தயோஃபீன்களும் வரும். கனமான முனையில், 221 டிகிரியில் கொதிக்கும் பென்சோதயோஃபீன் வரை குவிந்திருக்கும். இதே நாப்தாவில் இரட்டைப் பிணைப்பு கொண்ட ஒலிஃபின்களும் ஏராளம். அவை பெரும்பாலும் இலகுவான பக்கத்தில் கூடியிருக்கும். கந்தகம் கனத்த பக்கம், ஒலிஃபின் இலேசான பக்கம் என்ற இந்த இயற்கைப் பிரிவினை இல்லாதிருந்தால், 10 பிபிஎம் பெட்ரோல் இன்று விற்கும் விலைக்குக் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

வினையூக்கி செய்யும் வேலை

கந்தகத்தை வெறுமனே நீக்குவது கடினமன்று. கோபால்ட்டும் மாலிப்டினமும் ஏற்றிய அலுமினாக் குச்சிகளை ஓர் உலையில் நிரப்பி, நாப்தாவை ஆவியாக்கி ஹைட்ரஜனுடன் அனுப்பினால், கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறிவிடும். அதை அமீன் கரைசலில் பிடித்து, கிளாஸ் அலகில் தனிமக் கந்தகமாக மாற்றிக்கொள்ளலாம்.

உலையில் கொட்டும்போது இந்தக் குச்சிகள் ஆக்சைடு வடிவில் இருக்கும்; அந்த வடிவில் அவை பயன்படா. டைமெத்தில் டைசல்ஃபைடு போன்ற ஒரு கந்தகச் சேர்மத்தை ஹைட்ரஜனோடு செலுத்தி, மெல்லச் சூடேற்றி, உலோகங்களைச் சல்ஃபைடாக்க வேண்டும். கந்தகத்தை நீக்க வந்த வினையூக்கிக்கு முதலில் கந்தகத்தை ஊட்ட வேண்டியிருக்கிறது. இப்படி உருவாகும் மாலிப்டினம் டைசல்ஃபைடு, நானோமீட்டர் அளவிலான மெல்லிய தகடுகளாக அமையும். அடுக்கி வைத்த பனையோலைப் பாய்களைப் போல, அவற்றின் பரந்த முகம் பெரும்பாலும் சும்மா கிடக்க, வேலையெல்லாம் விளிம்பில்தான் நடக்கும். கோபால்ட் அணுக்கள் அந்த விளிம்பில் போய் அமர்ந்துகொள்கின்றன. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் டென்மார்க்கின் டாப்ஸோ நிறுவன ஆய்வாளர்கள் மாஸ்பாயர் நிறமாலையைக் கொண்டு இந்த விளிம்புக் கோபால்ட்டைத் தனி அமைப்பாக அடையாளம் கண்டார்கள். விளிம்பில் ஒரு கந்தக அணு விலகிய வெற்றிடத்தில் தயோஃபீனின் கந்தகம் வந்து பற்றுகிறது. ஹைட்ரஜன் கரிமத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பை அறுக்கிறது. கரிமச் சங்கிலி விலகிப் போகிறது. மிஞ்சிய கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கழன்று, அடுத்த மூலக்கூறுக்கு இடம் விடுகிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. அதே விளிம்பும் அதன் அக்கம்பக்கமும் ஒலிஃபின்களின் இரட்டைப் பிணைப்பிலும் ஹைட்ரஜனைச் சேர்த்துவிடும். அதனால் ஆக்டேன் எண்ணில், அதாவது இன்ஜினுக்குள் தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் எண்ணில், ஏற்படும் இழப்பு சிறியதன்று. இரண்டாவது கரிமத்தில் இரட்டைப் பிணைப்பு கொண்ட ஹெக்சீனின் ஆக்டேன் எண் 93 அளவில் நிற்கிறது. அதில் ஹைட்ரஜன் ஏறி நேர்ச்சங்கிலி ஹெக்சேன் ஆகிவிட்டால் அது 25க்குச் சரிகிறது. டீசலுக்குப் பயன்படும் வலுவான வினையூக்கியை அப்படியே எஃப்சிசி நாப்தாவுக்குப் போட்டால் கந்தகமும் போய்விடும், ஆக்டேனும் போய்விடும், விலையுயர்ந்த ஹைட்ரஜனும் வீணாகக் கரையும். பட்டறைக்காரர் "சத்து" என்று சொன்னதற்கு வேதியியலில் ஒரு பெயர் தேட வேண்டுமானால் அது இதுதான். அவருடைய ஐயத்தில் பாதி உண்மை இருக்கிறது என்று முன்பே சொன்னது இதை வைத்துத்தான்.

எனவே பெட்ரோலுக்கான வினையூக்கியைத் தெரிவு செய்பவர் அது எவ்வளவு வேகமானது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. கந்தகத்தைத் தொடும் வேகத்துக்கும் ஒலிஃபினைத் தொடும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார். நிக்கல்-மாலிப்டினம் ஹைட்ரஜனேற்றத்தில் வல்லது. கோபால்ட்-மாலிப்டினம் கந்தகப் பிணைப்பை நேரடியாக அறுப்பதில் வல்லது. ஆகவே முதன்மை உலைக்குக் கோபால்ட் தெரிவாகிறது. உலோகத்தைக் குறைவாக ஏற்றி, விளிம்பெங்கும் கோபால்ட் நன்கு பரவச் செய்து, மூலக்கூறுகள் தடையின்றி வந்துபோகும் அகன்ற துளைகள் கொண்ட தாங்கியில் அமைப்பது ஒரு வழி. பொட்டாசியம் போன்ற காரத் தன்மையுள்ள ஒன்றைச் சிறிது சேர்த்து ஒலிஃபின் பற்றுவதைத் தளர்த்துவது இன்னொரு வழி. புதிய வினையூக்கியின் மேல் வேண்டுமென்றே சிறிது கரியைப் படியவிட்டு, அளவு மீறித் துடிக்கும் இடங்களை அடக்குவதும் உண்டு. செயலூக்கத்தைத் தெரிந்தே குறைத்து நல்ல பலன் பெறுவது இத்துறையில் எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும் பகுதி.

வினையூக்கி மட்டும் இதைச் சாதித்துவிடாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஏற்பாடும் வேண்டும். பிரான்சின் ஆக்சென்ஸ் நிறுவனத்தின் பிரைம்-ஜி பிளஸ் போன்ற முறைகளில் நாப்தா முதலில் மிதமான வெப்பத்தில் ஒரு நிக்கல் கலந்த வினையூக்கியின் வழியே செல்கிறது. அங்கே கோந்தாகித் தொல்லை தரும் இரட்டை ஒலிஃபின்கள் மட்டும் அடங்குகின்றன. இலகுவான மெர்காப்டன்கள் ஒலிஃபின்களோடு சேர்ந்து கனமான சல்ஃபைடுகளாகின்றன. பிறகு ஒரு பிரிகோபுரத்தில் வடிக்கும்போது, கந்தகம் நீங்கி ஒலிஃபின் நிறைந்த இலகு நாப்தா தலைப்பகுதியில் வெளிவந்து, கடுமையான உலையைத் தொடாமலேயே கலவைக்குப் போகிறது. அடியில் வரும் கன நாப்தா மட்டுமே கோபால்ட் உலைக்குள் நுழைகிறது. ஏறத்தாழ 15 முதல் 30 பார் அழுத்தமும் 250 முதல் 320 டிகிரி வெப்பமும் அங்கே போதும்.

இவ்வளவு செய்தும் கடைசி முப்பது, நாற்பது பிபிஎம் அடம் பிடிக்கும். உலையில் உருவான ஹைட்ரஜன் சல்ஃபைடு, தப்பிப் பிழைத்த ஒலிஃபின்களோடு மீண்டும் சேர்ந்து புதிய மெர்காப்டன்களை உண்டாக்கும். நீக்கிய கந்தகம் வேறு வடிவில் திரும்பி வருவதால், வெப்பத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒலிஃபின் அழியுமே தவிர கந்தக அளவு இறங்காது. இதற்காக இரண்டாவதாக ஒரு மெருகூட்டும் உலை வைத்தோ, இடையில் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கழித்தோ இந்த மீள்சேர்க்கையை முறிக்கிறார்கள். 50இலிருந்து 10க்கு வருவது 150இலிருந்து 50க்கு வந்ததைவிடக் கடினமானதற்கு இதுவே முதற்காரணம். இதோடு வினையூக்கியின் நோய்களும் சேரும். அடிக்கசடைச் சூட்டால் உடைக்கும் கோக்கர் அலகில் நுரையடக்கப் பயன்படும் சிலிக்கான் அந்த அலகின் நாப்தாவோடு வந்தால் துளைகளை அடைக்கும். கச்சா எண்ணெயோடு வரும் ஆர்சனிக் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. முதல் உலை சரியாக வேலை செய்யாவிட்டால் இரட்டை ஒலிஃபின்கள் கோந்தாகிப் படுகையின் மேற்பகுதியில் மேலோடு கட்டும். வயதான வினையூக்கியை ஈடுகட்ட வெப்பத்தை உயர்த்த உயர்த்த ஒலிஃபின் இழப்பும் கூடும்.

ஹைட்ரஜனால் பிணைப்பை அறுத்துக் கந்தகத்தை வாயுவாக்காமல், நிக்கலும் துத்தநாக ஆக்சைடும் கலந்த ஓர் உறிஞ்சியில் அதைத் துத்தநாக சல்ஃபைடாகப் பிடித்துக்கொள்ளும் வேறொரு முறையும் உண்டு. கோனகோபிலிப்ஸ் நிறுவனத்தின் எஸ்-ஸோர்ப் இவ்வகை. 2007இல் சீனாவின் சினோபெக் அதை வாங்கிக்கொண்டது. ஹைட்ரஜன் சல்ஃபைடு உலையில் மிஞ்சாததால் மீள்சேர்க்கைத் தொல்லை இதில் குறைவு.

பழியை அளந்து பார்த்தல்

வினையூக்கி எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், ஆழ்ந்த கந்தகநீக்கத்தில் எஃப்சிசி நாப்தா ஓரிரு ஆக்டேன் எண்களை இழப்பது உண்டு. ஆனால் அந்த இழப்பு ஆலையின் கதவைத் தாண்டுவதில்லை. ரிஃபார்மேட்டின் ஆக்டேன் எண் 98, 100 என்ற அளவில் இருக்கும். கலவையில் அதையோ அல்கைலேட்டையோ கூட்டி இழந்ததை ஈடுகட்டிவிடுகிறார்கள். சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் எண் பிஎஸ்-3, பிஎஸ்-4, பிஎஸ்-6 மூன்றும் வந்தபோது 91ஆகவே இருந்தது. கந்தகம் 150இலிருந்து 10க்கு இறங்கிய காலம் முழுவதும் அந்த எண் இறங்கவில்லை. மேலும், மண்ணெண்ணெயில் ஓடும்படி குறைந்த அமுக்கத்தோடு வடிவமைத்த இன்ஜினுக்கு 91 என்பதே தேவைக்கு மிக அதிகம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் அதற்கு எவ்வளவோ கீழே. கயிறு இழுத்துப் பிடிக்காததற்கு ஆக்டேன் குறைவு காரணமாகாது.

"கந்தகம் போனால் வழவழப்பு போகும்" என்பது இரண்டாவது வாதம். டீசலைப் பொறுத்தவரை இதில் பொருளுண்டு. கந்தகத்தோடு சேர்ந்து வேறு சில முனைவுச் சேர்மங்களும் நீங்கிவிடுவதால், டீசலில் வழவழப்புக்கான சேர்மானம் தனியாக இடப்படுகிறது. டீசலில் ஓட்டும் விசைப்படகுக்காரர்களுக்கு இது நேரடியான செய்தி. ஆனால் இருவீச்சு அவுட்போர்டு இன்ஜினில் உராய்வைத் தடுப்பது எரிபொருளில் நாம் கலக்கும் டூ-டி ஆயில். பெட்ரோலில் 50 பிபிஎம் கந்தகம் இருந்ததா 10 இருந்ததா என்பது பிஸ்டனுக்குத் தெரியப்போவதில்லை.

கேன்களின் அடியில் கண்டது

புகார் வந்த படகுகளின் பெட்ரோல் கேன்களைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பார்த்தபோது விடை வேறு பக்கமிருந்து வந்தது. சிலவற்றில் அடியில் கலங்கலாகத் தனி அடுக்கு ஒன்று தெளிவாகப் பிரிந்து நின்றது. அது வெறும் தண்ணீராக இருக்குமோ என்றறிய, எளிய சோதனை ஒன்று போதுமானதாக இருந்தது. அளவுக் குழாயில் 90 மில்லி பெட்ரோலுடன் 10 மில்லி தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வைத்தால், பெட்ரோலில் உள்ள எத்தனால் தண்ணீருக்கு இறங்கிவிடும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த புதிய பெட்ரோலில் அடியடுக்கு ஏறத்தாழ மும்மடங்காக வளர வேண்டும். பங்கிலிருந்து அன்று வாங்கியதில் அப்படியே வளர்ந்தது. அடுக்குப் பிரிந்திருந்த கேன்களின் மேல் பெட்ரோலை மட்டும் எடுத்துச் செய்தபோது வளர்ச்சி மிகக் குறைவாக இருந்தது. எத்தனால் ஏற்கெனவே அடியில் இருந்த தண்ணீரோடு இறங்கிப் போய்விட்டது.

இந்த எத்தனால் சுத்திகரிப்பு ஆலையில் சேர்வதில்லை. மணலி ஆலையிலிருந்து சென்னை–திருச்சி–மதுரை குழாய்வழியாகத் தெற்கே வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்காது. லாரியில் ஏற்றும் முனையத்தில்தான் அது கலக்கப்படுகிறது. குழாயில் தண்ணீர் பட்டால் பிரிந்துவிடும் என்ற இதே அச்சமே அதற்கு ஒரு காரணம். நாடு முழுதுமான சராசரி 10 விழுக்காட்டை எட்டியது 2022இல். 20 விழுக்காட்டுப் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் தொடங்கிப் பரவியது. ஆக, 2020இல் கந்தகம் இறங்கியதும் அதைத் தொடர்ந்து எத்தனால் ஏறியதும் அடுத்தடுத்து நடந்தன. பட்டறையில் பேசுபவர்களுக்கு இரண்டும் சேர்ந்து "புதுப் பெட்ரோல்" என்ற ஒரே பொருளாகிவிட்டன.

பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அறை வெப்பத்தை ஒட்டிய நிலையில் அரை விழுக்காடு அளவுத் தண்ணீரையே தாங்கும். இருபது விழுக்காட்டுக் கலவை அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் தாங்க முடியாமல் பிரியும்போது அடியில் இறங்கும் அடுக்கும் அதற்கேற்பப் பெரிதாக இருக்கும். கடற்காற்றின் ஈரத்தை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மூடியின் சிறு துளை வழியே ஈரம் ஏறுவது மெதுவான வேலை. படகில் தெறிக்கும் அலைநீர், கழுவிக் காயாத கேன், மழையில் திறந்து கிடந்த புனல் ஆகியவையே பெரும் வழிகள். தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்துப் படகுகளும், வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) பக்கத்துப் படகுகளும் கரையேறி நிற்கும்போது கேனும் அவற்றோடு நிற்கிறது. பகலில் கொதித்து இரவில் குளிர, கரைந்திருந்த தண்ணீர் வெளியேறுகிறது.

எரிபொருள் குழாய் கேனின் அடியிலிருந்து உறிஞ்சுவதால், இன்ஜினுக்கு முதலில் போவது இந்த எத்தனால்-தண்ணீர் அடுக்குதான். அது பற்றாது; இன்ஜின் இருமும். டூ-டி ஆயில் அந்த அடுக்கில் கரையாமல் மேல் பெட்ரோலோடு தங்கிவிடுவதால், எப்படியோ ஓடிய சில நொடிகளும் எண்ணெய் இல்லாமல் ஓடுகின்றன. பிஸ்டன் கீறலுக்கு இது போதுமான விளக்கம். கடல்நீரின் குளோரைடு கலந்த அதே அடுக்கு கார்புரேட்டரின் அலுமினியத்தை அரிக்கும்போது வெள்ளை மாவு உண்டாகிறது. பட்டறையில் கண்ட குறிகள் எல்லாம் இந்த ஒரே அடுக்கிலிருந்து வருகின்றன. கந்தகத்தை வைத்து அவற்றில் ஒன்றையும் விளக்க முடியவில்லை.

செய்த மாற்றம்

படகுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டது மிகச் சிறிய அளவே. கிளப்புவதற்கான பெட்ரோலைச் சிறு கேனில், சில நாட்களுக்கு வேண்டிய அளவு மட்டும், கேன் நிறைய வாங்கி மூடியை இறுக்கி வைப்பது. காற்று காரணமாகப் படகு கரையில் நிற்கப்போகிறது என்றால் கேனையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுவது. பழைய கேனின் அடியைக் கண்ணாடிக் குடுவையில் பார்க்காமல் புதியதை அதன் மேல் ஊற்றாதிருப்பது. இப்படிச் செய்த படகுகளில் பிடிக்காத குறை பெரும்பாலும் நின்றது. நிற்காத ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தது. அதற்கும் எரிபொருளுக்கும் தொடர்பில்லை.

பங்கின் நிலத்தடித் தொட்டியிலும் இதே பிரிவு நேரலாம் என்பதால் அங்கும் ஒரு கவனம் வேண்டும். அளவுகோலில் தடவித் தண்ணீரைக் காட்டும் வழக்கமான பசை, தனித் தண்ணீரைக் கண்டு நிறம் மாறுவதற்காகச் செய்யப்பட்டது. எத்தனால் மிகுந்த அடியடுக்கை அது சரிவரக் காட்டாமல் போகும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்றே வரும் வேறு பசை இருக்கிறது. தொட்டி அளக்கும்போது எந்தப் பசையைத் தடவுகிறார்கள் என்று வாங்குபவர் கேட்கலாம்.